கல்லூரி நூலகத்தில் மின்வளமும் தேடற்கலையும்

முன்னுரை

கல்லூரிக்கு வருகின்ற மாணவர் வகுப்பறையில் கேட்டுப் பெறுவது ஒரு பங்கு. நூலகத்தில் தாமே தேடிப் பெறுவது மற்றொரு பங்கு. முன்னது தேர்வுக்கு உதவும். பின்னது வாழ்நாள் முழுதும் துணைவரும். அந்நூலகம் இன்று நான்கு சுவர்களுக்குள் அடங்கியதாக இல்லை. அடுக்குகளில் உள்ள அச்சு நூல்களோடு, கணிப்பொறி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் எட்டக்கூடிய மின்னூல்கள், ஆய்விதழ்கள், ஆய்வேடுகள், அகராதிகள் எனப் பெருஞ்செல்வம் மாணவர்க்குத் திறந்து கிடக்கின்றது. ஆயினும் அச்செல்வம் மாணவர் கையில் வந்து சேர்ந்துவிட்டதா என்று வினவினால், ‘ஆம்’ என உடனே விடை கூற இயலவில்லை.

சில திங்களுக்கு முன் முதுகலை மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் வினாவும் விடையுமாக அமைந்த ‘மசலா’ என்னும் வகை பற்றித் திட்டக் கட்டுரை எழுதுபவர் அவர். 1572-ஆம் ஆண்டில் வண்ணப்பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலாவைப் பற்றித் தேடி வருமாறு கூறியிருந்தேன். “ஐயா, அது இணையத்தில் இல்லை” என்றார். எவ்வாறு தேடினீர்கள் என்று கேட்டேன். கைப்பேசியை நீட்டினார். ‘மசலா’ என்று அவர் எழுதியதைக் கைப்பேசி ‘மசாலா’ என்று திருத்திக்கொண்டிருந்தது. திரை முழுவதும் சமையற்பொடி விளம்பரங்கள்! இருவரும் சிரித்துவிட்டோம். பின்னர் நூலகத்திற்குச் சென்று, அந்நூலுக்கு ‘அதிசய புராணம்’ என்ற மறுபெயரும் உண்டு என்பதைக் கொண்டு தேடினோம். அரை மணி நேரத்தில் அவர் குறிப்பேட்டின் இரண்டு பக்கங்கள் நிறைந்தன.

அன்று எனக்குத் தோன்றிய எண்ணமே இக்கட்டுரைக்கு அடிப்படையாகும். ‘இணையத்தில் இல்லை’ என்று மாணவர் கூறுவது பல வேளைகளில் ‘எனக்குத் தேடக் கற்றுத்தரப்படவில்லை’ என்பதன் மறுவடிவமே. ஆகவே கல்லூரி நூலகத்தின் மின்வளங்கள் எவை, அவற்றை மாணவர் எவ்வாறு அடைவது, அடைந்தபின் எவ்வாறு நம்புவது, நூலகம் ஆற்ற வேண்டிய பணி யாது என்பனவற்றை இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகின்றது.

நூலகர் கேட்ட மூன்று வினாக்கள்

இருபது ஆண்டுகளுக்கு முன் யான் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு ஆய்வு செய்த காலத்தில், ஒரே ஒரு பழம்பதிப்பைக் காண்பதற்காக இரவுத் தொடர்வண்டியில் சென்னைக்குச் சென்றேன். உறவினர் வீட்டில் தங்கி, மூன்று நாட்கள் நூலகத்தில் அமர்ந்து, வேண்டிய பாடல்களைக் கையால் படியெடுத்தேன். ஊர் திரும்பி ஆய்வேட்டையும் எழுதி முடித்தேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒரு பாடலைச் சுட்டி, “இதில் ஓர் அடி குறைகின்றதே” என்றார். படியெடுத்தபோது ஓரடியை விட்டுவிட்டிருந்தேன். மீண்டும் சென்னை செல்ல அப்பொழுது கையில் பணம் இல்லை. அந்த நாணம் இன்றும் மறக்கவில்லை.

அக்காலத்தில் எங்கள் நூலகத்தில் அட்டைப்பட்டியல் இருந்தது. இழுப்பறைகளில் அகர வரிசையில் அட்டைகள் இருக்கும். எனினும் மாணவர்கள் அட்டையைப் பார்ப்பதைவிட நூலகரையே கேட்போம். அவர் உடனே எழுந்து நூலை எடுத்துத் தரமாட்டார். மூன்று வினாக்களைக் கேட்பார். “ஆசிரியர் யார்? எந்தப் பதிப்பு? எதற்காக வேண்டும்?” விடை கூறத் திணறுவோம். திணறித் திணறியே நாம் தேடுவது இன்னதென்று தெளிவோம். மூன்றாவது வினாவிற்கு விடை கூறியபின், நாம் கேட்காத வேறொரு நூலையும் சேர்த்து எடுத்து வருவார். அதுவே பெரிதும் பயன்பட்டதும் உண்டு.

இன்று கணிப்பொறி அம்மூன்று வினாக்களையும் கேட்பதில்லை. எதைத் தட்டினாலும் எதையேனும் கொண்டுவந்து கொட்டுகின்றது. எனவே அவ்வினாக்களை மாணவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டியவராகின்றார். சீர்காழியில் 1892-இல் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற எசு.ஆர். இரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியல் விதிகளுள் வாசகரின் காலத்தைச் சேமித்துத் தருவதையும் ஒரு விதியாக வைத்தார். மின்வளம் மிகுந்த இக்காலத்தில் அவ்விதிக்குப் பொருள் குறையவில்லை; கூடியிருக்கின்றது. குவியலில் தேடிக் களைக்கும் மாணவரின் காலமும் சேமிக்கப்பட வேண்டிய காலமே அன்றோ?

மின்வளங்களின் வகைகள்

கல்லூரி மாணவர் அறிந்திருக்க வேண்டிய மின்வளங்களை நான்காகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, நூலகத்தின் சொந்தப் பட்டியல். பழைய அட்டைப்பட்டியலே இன்று கணிப்பொறிப் பட்டியலாக மாறியுள்ளது. 2000-ஆம் ஆண்டில் நியூசிலாந்து நாட்டு நூலகம் ஒன்றில் முதன்முதலாகப் பயன்பாட்டிற்கு வந்த ‘கோஹா’ என்னும் கட்டணமற்ற மென்பொருளை நம் நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. கோஹா என்பது அந்நாட்டு மாவோரி மொழியில் கொடை என்று பொருள்படும். நூல் அடுக்கில் உள்ளதா, வெளியே சென்றுள்ளதா, எந்நாள் திரும்பும் என்பதை இருந்த இடத்திலிருந்தே இப்பட்டியல் வழி அறியலாம். இணையம் முழுவதும் அலைந்த நூல் நம் நூலகத்தின் மூன்றாம் அடுக்கிலேயே இருந்த நிகழ்வுகள் உண்டு. ஆதலின் தேடலை வீட்டுப் பட்டியலிலிருந்தே தொடங்குதல் நன்று.

இரண்டாவது, கட்டணம் செலுத்திப் பெறும் வளங்கள். 1991-இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கிய ‘இன்ஃபிலிப்நெட்’ நிறுவனம் குசராத்து மாநிலம் காந்திநகரில் இயங்கி வருகின்றது. கல்லூரிகளுக்கென்று அது 2010-இல் ‘என்-லிஸ்ட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரி பதிவு செய்துகொண்டால், மாணவர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நூலகர் வழியாக வழங்கப்படும். அவற்றைக் கொண்டு கல்லூரிக்கு வெளியிலிருந்தும் ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் படிக்கலாம். அண்மையில் நடுவண் அரசு ‘ஒரு நாடு ஒரு சந்தா’ என்னும் திட்டத்திற்கு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் 2027 வரையிலான மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் இதன்கண் அடங்குமென அறிவிக்கப்பட்டது. அத்திட்டம் மைய, மாநில அரசுகளின் நிறுவனங்களை முன்னிறுத்தி வகுக்கப்பட்டதாகும். எனவே உதவிபெறும் கல்லூரிகளிலும் தனியார் கல்லூரிகளிலும் பயில்வோர், தமக்குத் திறந்துள்ள வாயில் எது என்பதை நூலகரிடம் ஆண்டுதோறும் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

மூன்றாவது, எவர்க்கும் கட்டணமின்றித் திறந்துள்ள பொது வளங்கள். கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய இந்திய தேசிய மின்னூலகம் 2018-இல் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. பள்ளிப் பாடம் முதல் ஆய்வு நூல் வரை பல இடங்களில் சிதறிக்கிடப்பவற்றை ஒரே சாளரத்தில் தேட அது வழிசெய்கின்றது. 2017-இல் தொடங்கிய ‘சுவயம்’ தளத்தில் இணையவழிப் பாடங்களைப் பயிலலாம்.

நான்காவது, ஆய்வேடுகள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் அளிக்க வேண்டுமென விதித்தது. அவ்வாறு திரண்ட ஆய்வேடுகளை ‘சோத்கங்கா’ என்னும் தளம் காத்து வருகின்றது. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் உள்ளன. ஒரு தலைப்பில் முன்னோர் செய்தது யாது என்று அறியாமல் ஆய்வு தொடங்குவது, பிறர் உழுத நிலத்தைக் காடென்று எண்ணி வெட்டப் புகுவதை ஒக்கும். முதுகலை மாணவர் திட்டக் கட்டுரைத் தலைப்பை உறுதி செய்யுமுன் ஒரு பிற்பகல் நேரத்தையேனும் இத்தளத்தில் செலவிடுதல் வேண்டும்.

தமிழுக்கென அமைந்த மின்னூலகங்கள்

தமிழ் மாணவர்க்கு மேற்கூறிய பொது வளங்களோடு சிறப்பு வளங்களும் உண்டு. 1998-ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் அவற்றுள் முன்னோடியாகும். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புத் திருத்தியும் உலகிற்கு வழங்கினர். 5,027 விருத்தங்களைக் கொண்ட உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அவ்வாறு எழுத்து வடிவில் கிடைக்கின்றது. தமிழ் படித்துப் பட்டம் பெறாதவர்கள் பலர் தம் ஓய்வு நேரத்தைத் தந்து இதனைச் செய்தார்கள் என்பதைத் தமிழ் படிக்கும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சென்னையில் 1999-இல் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பின்னர்ப் பெயர் மாற்றம் பெற்ற அந்நிறுவனத்தின் தளத்தில் இலக்கண இலக்கியங்கள் உரைகளுடன் இடம்பெற்றுள்ளன, அகராதிகளும் உள்ளன. அந்நிறுவனத்தின் தமிழ் மின்னூலகம் அரிய அச்சு நூல்களின் படவடிவங்களைக் கொண்டுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தொகுப்பில் ஒரு சொல்லைத் தட்டிப் பார்க்க இயலும். அன்று நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் நின்றுகொண்டே புரட்ட வேண்டியிருந்த பெருந்தொகுதிகள் இன்று உள்ளங்கையில் விரிகின்றன.

ஈழத்து நூல்களுக்கு 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் உள்ளது. இதன் தேவையை உணர 1981-ஐ எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு சூன் முதல் நாளை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுள் மறுபடி எங்குமே கிடைக்காதவையும் இருந்தன. ஒரு நூலுக்கு ஒரே படி இருக்குமாயின் அந்நூல் எந்நேரமும் இடரில் இருக்கின்றது என்பதை அந்நெருப்பு தமிழுலகிற்குக் கற்பித்தது. மின்படியாக்கம் வசதிக்காக மட்டும் செய்யப்படுவதன்று, காப்பதற்காகவும் செய்யப்படுவதாகும்.

தேடற்சொற்கள் தரும் சிக்கல்

வளங்கள் இவ்வளவு இருந்தும் மாணவர் ‘இல்லை’ என்று திரும்புவது ஏன்? முதற்காரணம் எழுத்துமுறை. கணிப்பொறி பொருளை அறிந்து தேடுவதைவிடக் கொடுத்த எழுத்துகளை ஒப்பிட்டே பெரும்பாலும் தேடுகின்றது. நூலகப் பட்டியல்களில் இந்நிலை மிகுதி. ‘சீறாப்புராணம்’ என்று சேர்த்து எழுதினால் ஒரு விடை; ‘சீறாப் புராணம்’ என்று பிரித்தால் வேறு விடை; ஒற்று விட்டு ‘சீறா புராணம்’ என்றால் மற்றொரு விடை.

இசுலாமியத் தமிழ் இலக்கியத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. முகம்மது, முஹம்மது, முஹம்மத், முகமது என ஒரே பெயர் பலவாறு எழுதப்படுகின்றது. அரபுத்தமிழ், அறபுத்தமிழ், அர்வி என்னும் மூன்றும் ஒன்றையே குறிப்பன. மசலா, மஸ்அலா, கிஸ்ஸா, கிச்சா, முனாஜாத்து, முனாசாத்து என இலக்கிய வகைப் பெயர்களும் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடுகின்றன. சீறாப்புராணத்தின் மூன்றாம் காண்டம் ஹிஜ்றத்துக் காண்டம் என்றும், ஹிஜுரத்துக் காண்டம் என்றும் எழுதப்படுவதைக் காணலாம். கிரந்த எழுத்தைத் தவிர்த்து எழுதுவோரின் நூல்களில் இவை மீண்டும் மாறும். ஆய்வேட்டுத் தளங்களில் சில தமிழ்த் தலைப்புகள் உரோமன் எழுத்தில் பதிவாகியிருப்பதும் உண்டு. ஆகவே மாணவர் ஒரு சொல்லைத் தேடுமுன் அதன் மாற்று வடிவங்கள் ஐந்தாறினைத் தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுதல் வேண்டும். பாட வேறுபாடு பற்றி நாம் வகுப்பில் படிப்பது இங்கே நேரே பயன்படுகின்றது.

இரண்டாவது காரணம் எழுத்துரு. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவைப் பயன்படுத்தியது. ஒன்றில் அடித்தது மற்றொன்றில் புரியாத குறிகளாகத் தோன்றும். 1991-இல் வெளியான யூனிகோடு முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், அது பரவலாக வழக்கிற்கு வரக் காலம் பிடித்தது. தமிழ்நாட்டரசு 2010-இல் அதனை ஏற்றது. அதற்கு முன் பழைய எழுத்துருக்களில் உருவான கோப்புகள் பல, தேடலில் அகப்படாமலே கிடக்கின்றன. துறைகளில் பழைய கருத்தரங்கக் கட்டுரைகளைக் குறுவட்டுகளில் வைத்திருப்போர் அவற்றை யூனிகோடிற்கு மாற்றி வைத்தல் உடனடித் தேவையாகும்.

படமும் எழுத்தும்

மூன்றாவது காரணம் நுட்பமானது. மின்னூல் என்று நாம் பொதுவாகக் கூறுவதில் இருவகை உண்டு. ஒன்று, பக்கத்தை ஒளிப்படமாக எடுத்து வைத்தது. மற்றொன்று, எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்யப்பட்டது. கண்ணுக்கு இரண்டும் நூலாகவே தோன்றும். கணிப்பொறிக்கோ முன்னது வெறும் படம். அதனுள் இருக்கும் சொல் தேடலில் கிடைக்காது. படத்திலிருந்து எழுத்தை உணர்ந்து பெயர்க்கும் மென்பொருள்கள் தமிழுக்கும் வந்துவிட்டன. எனினும் மங்கிய பழம்பதிப்புகளில் அவை ணகர னகரங்களையும் ரகர றகரங்களையும் மாற்றிவிடுவதுண்டு. மனிதர் மெய்ப்புப் பார்த்தே தீரவேண்டும்.

இவ்வேறுபாட்டின் அருமையை எனக்கு உணர்த்தியவர் பார்வையற்ற இளங்கலை மாணவர் ஒருவர். திரையிலுள்ளதைப் படித்துக் காட்டும் ‘என்விடிஏ’ என்னும் கட்டணமற்ற மென்பொருளைக் கொண்டு அவர் பாடம் படித்துவந்தார். யான் ஆர்வத்துடன் ஒரு மின்னூலை அனுப்பினேன். மறுநாள் வந்து, “ஐயா, நீங்கள் அனுப்பிய நூல் பேசவில்லை” என்றார். அது படவடிவ நூல். அவர் வகுப்புத் தோழர்கள் நால்வர் பாடப்பகுதியைப் பங்கிட்டுத் தட்டச்சு செய்தனர். வார இறுதிக்குள் அந்நூல் பேசத் தொடங்கியது. தட்டச்சு செய்த நால்வரும் அவ்வாண்டு அப்பாடப்பகுதியை வேறெவரினும் நன்கு அறிந்திருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்கேற்ற வடிவில் நூல்களை மாற்றிக்கொள்ள 2012-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இடந்தருகின்றது. பார்வைக் குறையுடையோர்க்கெனச் ‘சுகம்யா புத்தகாலயா’ என்னும் மின்னூலகம் 2016 முதல் உள்ளது. இவற்றைத் தேவையான மாணவரிடம் நூலகம் தானே சென்று சொல்ல வேண்டும். அவர் வந்து கேட்கட்டும் என்று காத்திருத்தல் முறையன்று.

கிடைத்ததை நம்புதல்

தேடிக் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. ‘எந்தப் பதிப்பு?’ என்ற நூலகரின் இரண்டாம் வினா இங்கே எழுகின்றது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து சுவடிகளைத் தொகுத்து ஒப்பிட்ட பின்னரே 1887-இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842-இல் சீறாப்புராணத்தை அச்சேற்றியதால்தான் அக்காப்பியம் மக்கள் கைக்கு வந்தது. அத்தகையோர் உழைப்பில் விளைந்த பாடல்களைப் பெயர் தெரியாத ஒரு பக்கத்திலிருந்து படியெடுத்து, பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் இன்றி மேற்கோள் காட்டுவது நன்றியின்மையாகும். ஓரடியை விட்டு எழுதி நாணியவன் என்ற முறையில் இதனை அழுத்தமாகக் கூறுகின்றேன். மின்வடிவில் கண்ட பாடலை அச்சுப் பதிப்போடோ, பக்கப் படத்தோடோ ஒருமுறை ஒப்பிட்ட பின்னரே கட்டுரையில் சேர்த்தல் வேண்டும்.

இன்று செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கேட்டவுடன் கட்டுரையே எழுதித் தருகின்றன. அவை உண்மையான நூற்பெயர்களோடு, இல்லாத நூற்பெயர்களையும் அதே துணிவுடன் கூறிவிடுவதுண்டு. மாணவர் ஒருவர் கொண்டுவந்த கட்டுரையில் ஏழு துணைநூல்கள் இருந்தன. நூலகத்தில் தேடினோம், பட்டியலில் தேடினோம், பதிப்பகத்திடமும் கேட்டோம். அவற்றுள் இரண்டு இவ்வுலகில் அச்சிடப்படாதவை! அம்மாணவர் ஏமாற்ற எண்ணியவர் அல்லர், தாமே ஏமாந்தவர். செயலியிடம் ஐயம் கேட்பதில் தவறில்லை. அது கூறிய நூலைக் கையில் எடுத்துப் பார்க்குமுன் அதனைச் சான்றாகக் காட்டுவதே தவறு.

பிறர் எழுத்தை எடுத்தாளுதல் குறித்தும் ஒன்று கூறவேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை, ஒப்புமை பத்து விழுக்காட்டைத் தாண்டும்போது அதன் அளவிற்கேற்ப நடவடிக்கைகளை வகுத்துள்ளது. மென்பொருள் கண்டுபிடிக்குமா என்று அஞ்சி நேர்மையாக இருப்பதைவிட, யாருடைய உழைப்பை யாருடைய பெயரில் எழுதுகின்றோம் என்று எண்ணி நேர்மையாக இருப்பதே கல்விக்கு அழகு.

நூலகம் ஆற்ற வேண்டிய பணிகள்

மின்வளம் என்பது ஒரு பொருள். அதனை மாணவரிடம் சேர்ப்பது ஒரு சேவை. பொருளை வாங்கிவிட்டுச் சேவையை மறந்தால் கட்டிய கட்டணம் வீணாகும். கடவுச்சொல் பெற்ற மாணவர் அதனை ஒருமுறையும் பயன்படுத்தாமலே பட்டம் பெற்றுச் செல்வது எந்தக் கல்லூரிக்கும் நேரக்கூடியதே. இதனைத் தவிர்க்கச் செலவின்றிச் செய்யத்தக்க சில பணிகளை முன்வைக்கலாம்.

முதலாண்டு மாணவர்க்கு நூலகத்தைச் சுற்றிக் காட்டுவதோடு நில்லாமல், அவரவர் பாடத்தில் ஒரு தலைப்பைக் கொடுத்து, நூலகரும் பாட ஆசிரியரும் உடனிருந்து தேடச் செய்தல் வேண்டும். ஒரு பருவத்தில் இரண்டு மணி நேரம் இதற்குப் போதும். மின்வளங்களின் பெயர், முகவரி, நுழையும் முறை ஆகியவற்றை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு அடையாள அட்டையுடன் வழங்கலாம்.

நம் கல்லூரி போன்ற இடங்களில் மாணவியர் நிலையைத் தனியே எண்ண வேண்டும். வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியவர்கள் அவர்கள். நூலகத்தில் மாலை வரை அமர்ந்து படிக்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. இரவில் வீட்டுவேலை முடிந்தபின் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் நூலகத்தைத் தம் வீட்டிற்கே கொண்டுசெல்ல உதவுவது வெளியிலிருந்து நுழையும் அந்தக் கடவுச்சொல்லேயாகும். வீட்டில் ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோ தமையனோ வேலையிலிருந்து வந்தபின்னரே கிடைக்கும் என்ற நிலையில் உள்ளோரும் உண்டு. அத்தகையோர்க்குப் பதிப்புரிமை தடுக்காத நூல்களை நூலகக் கணிப்பொறியில் முன்னரே சேமித்து வைத்து, இடைவேளையில் விரல்நினைவகத்தில் பதிந்து கொடுத்தால் பேருதவியாகும்.

துறைதோறும் ஆண்டுதோறும் எழுதப்படும் திட்டக் கட்டுரைகள் அலமாரியில் தூசு படிந்து கிடக்கின்றன. ‘டிஸ்பேஸ்’ போன்ற கட்டணமற்ற மென்பொருள் 2002 முதல் உள்ளது. அதன் துணையால் கல்லூரிக்கெனச் சிறு மின்களஞ்சியம் அமைத்து, நல்ல கட்டுரைகளை ஆசிரியர் ஒப்புதலுடன் அதில் சேர்க்கலாம். தம் கட்டுரையை நாளைய மாணவர் படிப்பார் என்று தெரிந்தால் எழுதுவோர்க்குப் பொறுப்பும் கூடும்.

ஆன்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

இதுவரை கூறியவை ஏற்கெனவே மின்வடிவம் பெற்ற நூல்களைப் பற்றியன. மாணவர் எவ்வளவு திறமையாகத் தேடினும் கிடைக்காத நூல்களும் உண்டு. அவை நம் ஊர்களில், நம் வீடுகளில் உள்ளன. பாட்டனார் காலத்து மரப்பெட்டியில் இருக்கும் அரபுத்தமிழ் ஏடுகள், பழைய அச்சில் வந்த மாலைகள், கிஸ்ஸாக்கள், ஊர்ச் சங்கங்களின் மலர்கள், நின்றுபோன இதழ்கள் ஆகியவற்றுள் எத்தனையோ ஒரே படியாக எஞ்சியிருக்கக் கூடும். வீடு இடித்துக் கட்டும்போது பழந்தாளென்று எடைக்குப் போடப்பட்டால் அவ்வளவில் அந்நூலின் கதை முடிந்தது.

கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். தம் வாழ்நாளெல்லாம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்தார். அவர் மறைவிற்குப்பின் அச்சேகரிப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் தொடங்கிய ஆராய்ச்சி நூலகம் இன்று உலகெங்குமுள்ள தமிழாய்வாளர்க்குப் பயன்படுகின்றது. தனிமனிதர் ஒருவர் பழந்தாளை மதித்ததன் விளைவு இது.

ஆகவே ஊர்ப் பெரியவர்கள் தம் வீட்டுப் பழநூல்களைக் கல்லூரி நூலகத்திடம் ஒருவாரம் இரவலாகவேனும் தர முன்வர வேண்டும். பக்கங்களை ஒளிப்படமாக்கியபின் மூலநூல் பத்திரமாகத் திரும்ப வரும். ஆசிரியர் மறைந்து அறுபது ஆண்டுகள் கடந்த நூல்களுக்குப் பதிப்புரிமைத் தடையும் இல்லை. மாணவர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்ப்பார்கள். அப்பணியே அவர்களுக்குச் சுவடியியலும் பதிப்பியலும் கற்பிக்கும் வகுப்பாக அமையும்.

முடிவுரை

கல்லூரி நூலகத்தின் மின்வளங்கள் மாணவர்க்குக் கிடைத்துள்ள அரிய வாய்ப்பாகும். சொந்தப் பட்டியலும், கட்டண வளங்களும், பொது வளங்களும், ஆய்வேடுகளும் தமிழ் மின்னூலகங்களும் அவர் முன் விரிந்துள்ளன. எழுத்து வேறுபாட்டை அறிந்து தேடுதல், படத்தையும் எழுத்தையும் பிரித்தறிதல், பதிப்பை ஒப்பிட்டு நம்புதல் ஆகிய மூன்றையும் கற்றவர்க்கே அவை பயன்தரும். அவற்றைக் கற்றுத்தருவது நூலகருக்கும் ஆசிரியர்க்கும் உரிய கடமை. இல்லாததை உண்டாக்கித் தருவது நம் அனைவர்க்கும் உரிய கடமை.

ஆயிர மசலாவைத் தேடிய அம்மாணவி தம் திட்டக் கட்டுரையை முடித்துவிட்டார். அதன் பின்னிணைப்பில் ‘தேடுவோர்க்கு’ என்று தலைப்பிட்டு, இசுலாமியத் தமிழ் நூற்பெயர்களின் மாற்று எழுத்து வடிவங்களைப் பட்டியலிட்டுள்ளார். யாரும் கேட்காமல் அவராகவே செய்தது அது. அப்பட்டியல் இப்பொழுது நூலகத்தின் கணிப்பொறிக்கு அருகே ஒட்டப்பட்டுள்ளது. அடுத்து வரும் மாணவர் ‘இல்லை’ என்று திரும்புமுன் அதனை ஒருமுறை பார்ப்பார் என்று நம்புகின்றேன்.